வேகமான கார் ஏன் தோக்குது? ஸ்டாக் கார் ரேஸ்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அமெரிக்காவோட நாஸ்கார் ஸ்டாக் கார் ரேஸ் (ரோட்ல ஓடற கார் மாதிரி உருவம் இருக்கற ரேஸ் கார்) பத்தி எழுதினப்போ, "இதுல பாதி நாள் ஜெயிக்க வைக்கறது ஸ்டியரிங் பிடிச்சவர் இல்ல, பிட்ல உக்காந்து கணக்கு போடறவர்"னு ஒரு வரி சொல்லியிருந்தேன் (பிட்டுன்னா ரேஸ் நடுவுல டயர் மாத்த, பெட்ரோல் போட கார் வந்து நிக்கற இடம்). அந்த ஒரு வரிக்குத் தான் இவ்வளவு கேள்வி வந்திருக்கு, திரும்பத் திரும்ப வந்ததை எல்லாம் சேர்த்து இங்க பதில் சொல்றேன்.

கேள்வி: இடது பக்கமா திரும்பித் திரும்பி சுத்திக்கிட்டே இருக்காங்க, இதுல யோசிக்க என்ன சார் இருக்கு?

நானும் முதல்ல இதே கேள்வியோட தான் பாக்க ஆரம்பிச்சேன், அதனால உங்க கேள்வி எனக்கு நல்லாவே புரியுது.

முதல் விஷயம், எல்லா காரும் கிட்டத்தட்ட ஒரே வேகம். 2022-ல நெக்ஸ்ட் ஜென்னு புது கார் வந்ததுல இருந்து சேசிஸ்ல ஆரம்பிச்சு முக்கியமான பார்ட்ஸ் எல்லாத்தையும் எல்லா டீமும் ஒரே சப்ளையர் கிட்ட தான் வாங்கணும், டயர் எல்லாருக்கும் குட்இயர் தான். அப்ப வித்தியாசம் எங்க இருந்து வரும்? கையில மூணு சரக்கு இருக்கு: டிராக்ல நீங்க இருக்கற இடம், டயர், பெட்ரோல். ஒண்ணைக் குடுத்தா தான் இன்னொண்ணு கிடைக்கும். புது டயர் வேணும்னா பிட்டுக்கு வந்து இடத்தை விடணும், இடம் வேணும்னா பழைய டயர்லயே கஷ்டப்பட்டு ஓட்டணும். எதை எப்ப விட்டுக்குடுக்கறதுன்றது தான் மொத்த ஆட்டமும்.

இடத்துக்கு ஏன் அவ்வளவு மதிப்புன்னா, காத்து. 1.5 மைல் ஓவல்ல, அதாவது நீள்வட்ட டிராக்ல, முன்னாடி போற காருக்கு சுத்தமான காத்து நேரா வந்து மூக்கை ரோட்டோட அமுக்கும், பின்னாடி வர்றவருக்கு கலைஞ்ச காத்து தான் கிடைக்கும், மூக்கு லேசாகி ஸ்டியரிங்கை திருப்பினாலும் கார் வளைய மாட்டேங்குது, வெளிச் சுவரைப் பாத்து தள்ளிக்கிட்டே போகும். இதை டைட்னு சொல்வாங்க. எதிர்ப்பக்கம் லூஸ், அதாவது திரும்பறப்போ பின்பக்கம் வழுக்கி முன்னாடி வரப் பாக்கறது. ரேடியோல டிரைவர் பேசற பேச்சுல பாதி இந்த ரெண்டு வார்த்தை தான். அதைக் கேட்டுட்டு அடுத்த பிட் ஸ்டாப்ல ஒருத்தர் நீளமான ரெஞ்சை பின் கண்ணாடில இருக்கற ஓட்டைல விட்டு ரெண்டு திருகு திருகுவார், நாலு வீல்லயும் எடை விழற கணக்கு மாறும், டைட்டா இருந்த கார் வளைய ஆரம்பிக்கும். அரை நொடி வேலை. பாக்கறவங்க கண்ணுக்கே தெரியாது.

கேள்வி: டேடோனா, டாலடேகா மாதிரி பெரிய டிராக்ல மட்டும் எல்லாரும் ஒட்டிக்கிட்டு கும்பலா போறாங்களே, அங்க முன்னாடி போனா நல்லதுன்னு நீங்க சொன்ன கணக்கு எடுபடாதா?

அங்க கணக்கே வேற. டேடோனா 2.5 மைல், வளைவுல 31 டிகிரி சரிவு, டாலடேகா 2.66 மைல், 33 டிகிரி. நேர்ல நின்னா அது ரோடு இல்ல சுவர்னு தோணும். அங்க ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுக்கவே வேண்டாம். 1987-ல டாலடேகால பில் எலியட்னு ஒரு டிரைவர் குவாலிஃபையிங்ல (ரேஸ்ல யார் எந்த இடத்துல இருந்து கிளம்பறதுன்னு முடிவு பண்ற ஓட்டம்) மணிக்கு 212.809 மைல் வேகம் போனார், அதே வார ரேஸ்ல பாபி ஆலிசன் கார் பறந்து போய் ரசிகர்கள் பக்க வேலியைக் கிழிச்சுது, அதுக்கப்புறம் 1988-ல இருந்து இந்த டிராக்ல இன்ஜினுக்குப் போற காத்தை ஒரு தகடு வச்சு குறைச்சிட்டாங்க. இப்ப தகடுக்கு பதில் வேற மாதிரி ஒரு தடுப்பு, நோக்கம் ஒண்ணு தான். இன்ஜின் பலம் எல்லாருக்கும் கட்டிப் போட்டாச்சு, அப்ப வேகம் வரணும்னா காத்துல இருந்து தான் வரணும்.

முன் கார் காத்தைக் கிழிச்சு வழி விடுது, பின் கார் அந்த வழில இழுபட்டுப் போகுது, அதே சமயம் பின் கார் ஒட்டி வர்றதால முன் காரோட வாலைப் பிடிச்சு இழுக்கற காத்தும் குறையுது, ரெண்டு பேருக்கும் லாபம். இதை ஊருக்குக் காட்டினவர் ஜூனியர் ஜான்சன்னு ஒரு டிரைவர், 1960 டேடோனா 500-ல. அவர் ஓட்டின ஷெவர்லே, மத்தவங்களோட போன்டியாக் கார்களை விட மெதுவான கார், பிராக்டிஸ்ல ஒரு போன்டியாக் பின்னாடி ஒட்டிப் பாத்தார், தன் கார் தன் சக்திக்கு மேல ஓடறதை கவனிச்சார், ரேஸ் முழுக்க அதையே பண்ணி ஜெயிச்சும் போனார். எனக்கு இந்த விளையாட்டு பிடிச்சுப் போனதே இந்தக் கதையால தான், யாரும் சொல்லிக் குடுக்கல, காத்தே சொல்லிக் குடுத்துச்சு.

இங்க தனியா ஒருத்தர் ஜெயிக்கவே முடியாது. லைன்ல இருந்து வெளிய வந்து முந்தப் பாத்தா பின்னாடி ஒருத்தர் கூட வரணும், வரலைன்னா காத்து முகத்துல அறையும், பத்துப் பதினஞ்சு இடம் பின்னாடி போயிடுவீங்க. அதனால போட்டியாளரே உங்களைத் தள்ளி விடணும். அவர் ஏன் தள்ளணும்? தனக்கும் லாபம் இருக்கற வரைக்கும் தள்ளுவார், கடைசி லாப்ல (சுத்துல) கழட்டி விட்டுட்டுப் போவார். கூட்டணி தர்மம் செக்கர்ட் ஃபிளாக் (ரேஸ் முடிஞ்சதைக் காட்டற கட்டம் போட்ட கொடி) வரைக்கும் தாங்கறது அபூர்வம்.

இந்த வித்தைல பெரிய ஆளான டிரைவர் டேல் எர்ன்ஹார்ட்டோட கடைசி வெற்றி 2000 அக்டோபர்ல டாலடேகா. 5 லாப் மிச்சம் இருக்கறப்போ அவர் 18-வது இடம் பக்கத்துல கும்பல்ல மாட்டியிருக்கார். கென்னி வாலஸ்னு இன்னொரு டிரைவர் பின்னாடி வந்து தள்ள ஆரம்பிச்சார், எந்த லைன் நகருதுன்னு பாத்துப் பாத்து மாறி, நடுவுல நுழைஞ்சு, ஜெயிச்சே விட்டார். அவர் கண்ணுக்கு காத்து தெரியும்னு மத்த டிரைவர்களே சொல்வாங்க. நாலு மாசம் கழிச்சு 2001 டேடோனா 500 கடைசி லாப்ல அவர் இறந்துட்டார், அன்னிக்கு முன்னாடி போயிட்டிருந்தது அவரோட சொந்த டீம் கார்கள் ரெண்டு, பின்னாடி வந்த கும்பலை அவர் தான் தடுத்துக்கிட்டு வந்தார். அதை இன்னிக்கும் என்னால முழுசா பாக்க முடியல.

சைடு டிராஃப்ட்னு இன்னொண்ணும் இருக்கு. பக்கத்துல போற காரோட பின் சக்கரத்துக்கு நேரா உங்க மூக்கை கிட்டக் கொண்டு போனா உங்க காத்து அவரோட ஸ்பாய்லர்ல (கார் பின்னாடி நிமிந்து நிக்கற தகடு) போய் முட்டும், அவர் கார் பிரேக் போட்ட மாதிரி இழுபடும், நீங்க முன்னாடி வந்துடலாம். தொடவே வேண்டாம், ஒரு கை அகலம் போதும்.

கேள்வி: பிட் ஸ்டாப்ல சில பேர் ரெண்டு டயர், சில பேர் நாலு, சில பேர் உள்ள வர்றதே இல்ல. யார் சொல்றது சரி?

அது ரேஸ் முடிஞ்சப்புறம் தான் தெரியும், ஆனா முடிவை 10 செகண்டுக்குள்ள எடுத்தாகணும்.

நாலு டயர் மாத்தறது எப்படின்னு முதல்ல சொல்லிடறேன். கார் வர்றப்பவே அஞ்சு பேர் சுவரைத் தாண்டி குதிப்பாங்க. ஜாக்கோட ஒருத்தர் காரைச் சுத்தி வலது பக்கம் ஓடி ஒரே அழுத்துல தூக்கறார், ரெண்டு பேர் நட்டு கழட்டற கன்னை (துப்பாக்கி மாதிரி மெஷின்) வச்சு நடு நட்டைக் கழட்டறாங்க (முன்ன வீலுக்கு 5 நட்டு, 2022-ல இருந்து ஒண்ணே ஒண்ணு), ஒருத்தர் டயரைத் தூக்கிக் குடுக்கறார், வலது முடிஞ்சதும் அதே ஆளுங்க சுத்தி இடது பக்கம் ஓடறாங்க, இவ்வளவுக்கும் பின்னாடி ஒருத்தர் பெட்ரோல் கேனை கவுத்துப் பிடிச்சபடி நிக்கறார். இடது பக்க ஜாக் இறங்கி கார் தரையைத் தொட்ட அந்த நொடி தான் டிரைவருக்கு சிக்னல், வேற கொடி கிடையாது. நல்ல டீம் இதை 10 செகண்டுக்குள்ள முடிக்கும். இதை ஒரு கலையா ஆக்கினது வுட் பிரதர்ஸ்னு ஒரு நாஸ்கார் டீம், 1965-ல இண்டியானாபோலிஸ் 500-ல ஜிம் கிளார்க் ஜெயிச்சப்போ பிட்ல வேலை பாத்ததும் அவங்க தான்.

இப்ப கணக்குக்கு வருவோம். டார்லிங்டன்னு ஒரு டிராக், 1950-ல இருந்து இருக்கு, முட்டை மாதிரி ஒரு பக்கம் குறுகி இருக்கும், நிலம் குடுத்தவர் தன்னோட மீன் குட்டையைத் தொடக் கூடாதுன்னு சொன்னதால அந்தப் பக்கத்தை இறுக்கிக் கட்டினாங்கன்னு சொல்வாங்க. ரோடு உப்புத்தாள் மாதிரி, டயரைத் தின்னும். அங்க புது டயர் காருக்கும் 30 லாப் ஓடின டயர் காருக்கும் லாப்புக்கு 1 செகண்ட் வித்தியாசம்னு வச்சுக்கோங்க. எனக்கு 2 செகண்ட் முன்னாடி நீங்க போறீங்க. நான் 3 லாப் முன்னாடியே பிட்டுக்குப் போயிட்டு வந்தா அந்த 3 லாப்ல 3 செகண்ட் சம்பாதிச்சிடுவேன், நீங்க பிட் முடிச்சு வெளிய வர்றப்போ நான் முன்னாடி. இதைத் தான் அண்டர்கட்னு சொல்றாங்க. நீங்களும் பதிலுக்கு அடுத்த லாப்பே வருவீங்க, உங்களைப் பாத்து அடுத்தவர் வருவார், மொத்த கூட்டமும் நினைச்சதை விட சீக்கிரம் உள்ள வந்துடும்.

ஆனா இதுலயே கையைக் கடிக்கற விஷயமும் இருக்கு. நான் மட்டும் பிட் போய் வந்த நேரத்துல எவரோ சுவர்ல மோதி மஞ்சள் கொடி (எல்லாரும் மெதுவா வரிசையா போகணும், யாரும் முந்தக் கூடாது) விழுந்துட்டா முதலுக்கே மோசம். மார்டின்ஸ்வில் மாதிரி அரை மைல் டிராக்ல ஒரு லாப் 20 செகண்ட் தான், பச்சைக் கொடில, அதாவது ரேஸ் முழு வேகத்துல நடக்கறப்போ, பிட் போய் வந்தாலே லாப் கணக்குல பின்தங்கிடுவேன், மத்தவங்க எல்லாம் மஞ்சள்ல கார்கள் மெதுவா போறப்போ நிதானமா டயர் மாத்திட்டு எனக்கு முன்னாடி நிப்பாங்க. அதனால சின்ன டிராக்ல முடிஞ்ச வரைக்கும் தள்ளிப் போடுவாங்க, மஞ்சள் வரும்னு நம்பி. ஒரு சின்ன ஆறுதல், 2003-ல இருந்து ஒவ்வொரு மஞ்சளுக்கும் லாப் இழந்தவங்கள்ல முதல் ஆளுக்கு ஒரு லாப் திரும்பக் கிடைக்கும். அந்த ஒரு இடத்துக்காக 25-வதுக்கும் 26-வதுக்கும் நடக்கற சண்டையை டிவி காட்டாது, ஆனா அங்க தான் பல பேரோட நாள் மாறும்.

கடைசி 15 லாப்ல மஞ்சள் வந்தா ரெண்டா நாலா? பழைய டயரோட முன்னாடி நிக்கற கார் எத்தனைன்னு எண்ணணும். ஒருத்தர் மட்டும் பிட்டுக்கு வராம வெளிய நின்னா அவர் தொலைஞ்சார், பத்து பேர் நின்னா அவங்க தான் சுவர், நாலு டயர் போட்டவர் அந்தச் சுவரை உடைக்கறதுக்குள்ள ரேஸ் முடிஞ்சிடும். முன்னாடி இருக்கற காரோட குரூ சீஃப் (பிட்ல உக்காந்து கணக்கு போடற டீம் தலைவர்) முதல்ல முடிவு பண்ணணும், பின்னாடி இருக்கறவங்க அவர் பண்றதுக்கு நேர் எதிரா பண்ணா போதும். லீடரா இருக்கறதுல இருக்கற பெரிய கஷ்டம் இது.

கேள்வி: ஸ்டேஜ்னு சொல்றாங்களே, அது என்ன?

2017-ல கொண்டு வந்தாங்க. ரேஸை பங்கு போட்டு ஒவ்வொரு ஸ்டேஜ் முடிவுலயும் முதல் 10 பேருக்கு பாயின்ட், முதல் ஆளுக்கு 10. முடிஞ்சதும் எப்படியும் மஞ்சள் கொடி விழும்னு எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும், அதனால சில பேர் அந்த பாயின்ட் வேண்டாம்னு முன்னாடியே பிட் போயிட்டு, மத்தவங்க ஸ்டேஜ் முடிஞ்சு பிட் போறப்போ முன்னாடி வந்து நிப்பாங்க. எனக்கு இந்த முறை அவ்வளவா பிடிக்கல, மஞ்சள் எப்ப வரும்னு தெரியாம இருக்கறது தான் இந்த விளையாட்டோட உயிர்.

கேள்வி: பெட்ரோலை மிச்சம் பிடிச்சு கூட ரேஸ் ஜெயிக்க முடியுமா?

2024 அக்டோபர்ல லாஸ் வேகாஸ்ல ஜோயி லொகானோ அப்படித் தான் ஜெயிச்சார், முந்தின வாரம் ஷார்லட் டிராக்ல பிளேஆஃப்ல (சாம்பியனைத் தீர்மானிக்கற கடைசிக் கட்ட ரேஸ்கள்) இருந்தே வெளிய போயிருந்தவர், அலெக்ஸ் போமேன் கார் எடை குறைவா இருந்து தகுதி இழந்ததால திரும்ப உள்ள வந்தவர். வேகாஸ்ல அன்னிக்கு வேகமான கார் கிறிஸ்டோபர் பெல்லோடது, அதிக லாப் முன்னாடி ஓட்டினதும் அவர் தான். மத்தவங்க கடைசியா ஒரு தடவை பிட் போக, லொகானோவும் டேனியல் சுவாரஸும் போகாம பெட்ரோலை இழுத்துப் பிடிச்சாங்க. முடியறதுக்கு சில லாப் முன்னாடி சுவாரஸை முந்தி, பெல் துரத்தி வர்றதுக்குள்ள கோட்டைத் தாண்டிட்டார். அந்த சீசன் சாம்பியனும் அவர் தான்.

இதுல என்னை அசத்தறது என்னன்னா, கார்ல எவ்வளவு பெட்ரோல் இருக்குன்னு காட்டற முள்ளே கிடையாது. டேங்க் சுமார் 20 கேலன், கேலனுக்கு நாலரை மைல்னு வச்சா 90 மைல், 1.5 மைல் டிராக்ல 60 லாப். ஆனா கேன்ல இருந்து உள்ள போனது எவ்வளவுன்னு எப்படித் தெரியும்? பிட் முடிஞ்சதும் கேனை தராசுல வச்சு எடை போடறாங்க, மிச்சத்தைக் கழிச்சா உள்ள போனது தெரியும். அப்புறம் ரேடியோல, "ரெண்டு லாப் பத்தல, மிச்சம் பிடி"ன்னு சொல்வாங்க. டிரைவர் வளைவுக்கு நிறைய முன்னாடியே காலை எடுத்துட்டு கார் தன்னால உருள விடுவார், மஞ்சள்ல இன்ஜினையே அணைச்சிட்டு உருட்டுவார். வேகமும் குறையக் கூடாது, பெட்ரோலும் குறையக் கூடாது, பாம்பும் சாகணும் கம்பும் உடையக் கூடாதுன்ற வேலை இது.

எல்லா நாளும் பலிக்காது. 2011-ல ஷார்லட்ல கோகோ கோலா 600, 600 மைல் ஓட்டம், மேல சொன்ன எர்ன்ஹார்ட்டோட மகன் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் கடைசி லாப்ல முதல் ஆளா வர்றார், கடைசி வளைவு கிட்ட பெட்ரோல் தீர்ந்துச்சு, கெவின் ஹார்விக் தாண்டிப் போனார். மூணு வருஷமா ஒரு ரேஸ் கூட ஜெயிக்காம இருந்தவர் அவர் அப்போ.

டேடோனா, டாலடேகாலயும் இப்ப பெட்ரோல் தான் ராஜா. ஒரே நட்டு வந்தப்புறம் டயர் வேலை சீக்கிரம் முடிஞ்சிடுது, பெட்ரோல் நிரம்பற நேரம் தான் பிட் ஸ்டாப்போட நீளத்தைத் தீர்மானிக்குது. அதனால மூணு வரிசையா போறப்பவே பாதி ஆக்சிலரேட்டர்ல மிச்சம் பிடிக்கறாங்க, குறைச்சு நிரப்பினா முன்னாடி வெளிய வரலாம்னு. பாக்க எனக்கு வருத்தமா தான் இருக்கு, ஆனா கணக்கு சரி.

கேள்வி: டயரை பாதுகாத்து ஓட்டறதுன்னு கமென்டரில சொல்றாங்க, மெதுவா ஓட்டினா எப்படி ஜெயிக்கறது?

2024 மார்ச் பிரிஸ்டல் ரேஸ் பாருங்க. அரை மைல் டிராக், 500 லாப், அன்னிக்கு டயர் யாரும் எதிர்பாக்காத வேகத்துல தேஞ்சுது. முழு வேகத்துல போனவங்க கொஞ்ச நேரம் ராஜா மாதிரி இருந்துட்டு டயர் செத்துப் போய் வரிசையா பின்னாடி விழுந்தாங்க. 54 தடவை முதல் இடம் கை மாறுச்சு, சின்ன டிராக்ல அதுவரைக்கும் அப்படி நடந்ததில்ல. கடைசில முழு லாப் முடிச்சவங்க அஞ்சே பேர், ஜெயிச்சவர் டென்னி ஹேம்லின். யார் முந்திப் போனாலும் போகட்டும்னு விட்டுட்டு தன் வேகத்துல ஓட்டணும், அதுக்கு வேகமா ஓட்டறதை விட அதிக தைரியம் வேணும்னு நான் நினைக்கிறேன்.

கேள்வி: இடிச்சுத் தள்ளி ஜெயிக்கறதும் தந்திரமா?

பின் பம்பரை லேசா தட்டி முன் காரை ஒரு அடி வெளிய நகத்திட்டு உள்ளே நுழையறது ரொம்ப நாளா ஏத்துக்கிட்ட விஷயம், சின்ன டிராக்ல அது இல்லாம முந்தறதே கஷ்டம். சுவர்ல மோத விடறது வேற. 2024 ஆகஸ்ட்ல ரிச்மண்ட் கடைசி வளைவுல ஆஸ்டின் டில்லன் லொகானோவை சுத்த விட்டார், அடுத்து ஹேம்லினையும் சுவர்ல தள்ளினார். வெற்றியை அவர்கிட்டயே விட்டுட்டு, அதனால கிடைக்க வேண்டிய பிளேஆஃப் இடத்தை நாஸ்கார் பறிச்சுது. அந்தத் தீர்ப்பு சரின்னு தான் எனக்குப் படுது.

ஆனா ராஸ் சாஸ்டெய்ன்னு ஒரு டிரைவர் 2022 அக்டோபர்ல மார்டின்ஸ்வில்ல பண்ணதை என்னால குறை சொல்ல முடியல. கடைசி லாப், 10-வது இடம், ரெண்டு பேரை முந்தினா தான் சாம்பியன்ஷிப் ஃபைனல். அஞ்சாவது கியரைப் போட்டார், காரை வெளிச் சுவர்ல சாய்ச்சார், ஸ்டியரிங்கை விட்டுட்டு காலை மட்டும் அமுக்கினார். சுவரே வளைச்சுக் குடுத்துச்சு. 18.845 செகண்ட், அந்த டிராக்ல எந்த ஸ்டாக் காரும் போகாத லாப், அஞ்சு பேரைத் தாண்டினார், அதனால ஃபைனல் வாய்ப்பை இழந்தவர் ஹேம்லின். சின்ன வயசுல வீடியோ கேம்ல பண்ணிப் பாத்ததுன்னு அவரே சொன்னார். அடுத்த சீசன் தொடங்கறதுக்கு முன்னாடியே இனிமே பண்ணா தண்டனைன்னு அறிவிச்சிட்டாங்க, அதுவும் நியாயம் தான், சுவர் உடைஞ்சு வெளிய விழுந்தா யார் பொறுப்பு.

கேள்வி: நம்ம நரேன் கார்த்திகேயன் இதுல ஓட்டினாராமே?

ஆமா, 2010-ல நாஸ்காரோட டிரக் சீரீஸ்ல (பிக்அப் டிரக் ரேஸ்), முதல் ரேஸே மார்டின்ஸ்வில்ல, 13-வதா வந்தார். ஃபார்முலா ஒன் ஓட்டினவருக்கு அந்த கனமான வண்டியை அரை மைல்ல நிறுத்தறது லேசுப்பட்ட வேலை இல்ல. அந்த வருஷம் டிரக் சீரீஸோட பிரபலமான டிரைவர் விருதும் ரசிகர்கள் ஓட்டுல அவருக்கே போச்சு.

கேள்வி: புதுசா பாக்கறவங்க எதை கவனிக்கணும்?

லீடரை விட்டுடுங்க. ஒரே ஒரு டிரைவரை எடுத்துக்கிட்டு அவரோட ரேடியோவைக் கேளுங்க, டீம் ரேடியோ ரசிகர்கள் யார் வேணா கேக்கலாம், ரகசியம் கிடையாது. அதுல மூணு குரல் இருக்கும். குரூ சீஃப் லாப்பையும் பெட்ரோலையும் எண்ணிக்கிட்டிருப்பார், டிரைவர் கார் பத்தி புலம்புவார், மூணாவது ஸ்பாட்டர், ஸ்டாண்டுக்கு மேல மொட்டை மாடில நின்னு முழு டிராக்கையும் பாக்கறவர். டிரைவருக்கு ஹெல்மெட்டும் சீட்டும் தலையைத் திருப்ப விடாது, பக்கத்துல யார் இருக்காங்கன்னு அவர் சொன்னா தான் தெரியும். "உள்ள ஒருத்தர், கதவு கிட்ட, இன்னும் இருக்கார், இன்னும் இருக்கார், பின் பம்பர், கிளியர்." கிளியர்னு சொன்ன அந்த நொடியே டிரைவர் கண்ணை மூடிக்கிட்டு காரை அந்தப் பக்கம் இறக்கிடுவார், 190 மைல் வேகத்துல.